திட்டாத நாள்

ஏரி இரண்டாகப் பிரிகிற இடத்தில் படகுக்காரர் என்ஜினை அணைத்தார். இடப்பக்கம் போனால் காலையில் ஏறிய படித்துறை. வலப்பக்கம் போனால் ஆறு, ஆற்றின் முடிவில் அருவி. படகு எந்தப் பக்கமும் சாயாமல் லேசாக ஆடிக்கொண்டு நின்றது.

"அருவிய பாக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க. லேட்டானா மேல வெளிச்சம் இருக்காது," என்றார். படகிலிருந்த மூன்று பேரையும் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார். "எங்கெங்கேருந்தோ வராங்க இத பாக்க. இவ்வளவு பக்கத்துல வந்துட்டுத் திரும்பிப் போனா அருவிக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் நஷ்டம்."

அக்காவின் முகத்தில் ஆசை எழுதி ஒட்டியிருந்தது. வந்தது வந்தோம் என்பதுதான் அக்கா வாழ்க்கையை நடத்துகிற முறை. துணிக்கடைக்குப் போனால் வந்தது வந்தோம் என்று மேல்மாடியையும் சுற்றுவாள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனால் வந்தது வந்தோம் என்று தன் கண்ணையும் காட்டிவிட்டு வருவாள். இந்தப் படகுச் சவாரியே அவள் யோசனைதான். திங்கட்கிழமை அத்தானுடைய டெஸ்ட் ரிசல்ட் வருகிறவரைக்கும் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க முடியாது, ஞாயிறு எங்கேயாவது போய்விட்டு வரலாம் என்றாள். எங்கே போவது என்று மூன்று பேருக்கும் தெரியாததால் தண்ணீரில் போவது என்று ஆயிற்று.

அத்தான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மப்ளர். இந்த வெயிலில் மப்ளர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"பூதக்கண்ணாடி சொல்லட்டும்," என்றார். "பூதக்கண்ணாடி சரின்னா சரி."

லேபில் மைக்ராஸ்கோப் பக்கத்தில் வேலை செய்கிற மச்சினிக்கு அவர் வைத்த பெயர்.

"போகலாம்," என்றாள் அவள்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். இப்படிப்பட்ட கேள்விக்கு அவள் தங்கை வழக்கமாகச் சொல்கிற பதில் வேறு. நனையணுமா, எதுக்கு, தண்ணி மேலேருந்து கீழ விழுறத வீட்டு மாடியில டேங்க் நிரம்புறப்ப பாத்துக்கலாமே. இன்றைக்கு ஒரே வார்த்தையில் வேலை முடிந்துவிட்டது. அக்காவுக்குச் சந்தோஷம்தான். என்றாலும் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பினாள்.

படகு வலப்பக்கம் திரும்பியது.

ஆறு குறுகலாக இருந்தது. இரண்டு கரையிலும் மரங்கள் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்திருந்தன. அவள் ஓரத்தில் உட்கார்ந்து கையைத் தண்ணீரில் விட்டாள். ஜில்லென்று இருக்கிறது என்று அக்கா சொன்னாள். இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். விரல்கள் தண்ணீருக்குள் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தன, வேறு யாருடையவோ போல. வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து எல்லாமே ஒரு துணிக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. பல் தேய்த்தாள், பஸ் ஏறினாள், சாப்பிட்டாள், தூங்கவும் தூங்கினாள். தூக்கம் வந்ததுதான் அவளுக்கே ஆச்சரியம்.

அத்தானுடைய கழுத்துக் கட்டியிலிருந்து ஊசி போட்டுச் சாம்பிள் எடுத்தது அவளுடைய லேபில்தான். "மச்சினி வேலை பாக்குற எடம், சொந்தக்காரங்களுக்கு வலிக்காத ஊசி தனியா வெச்சிருப்பாங்க," என்று சொல்லிக்கொண்டே வந்து படுத்தார். ஊசி குத்தும்போது கூரையைப் பார்த்து, "லைட்டு ஃபிட்டிங் சரியில்ல," என்றார். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். எந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் மேலே பார்ப்பார்.

லேபில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர்களுடைய சாம்பிளை யாரும் தொடுவதில்லை. சட்டம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அவள் எண் மட்டும் ஒட்டிவிட்டு ஸ்லைடுகளைப் பக்கத்து மேஜைக்காரியிடம் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து மேஜைக்காரி சாயம் ஏற்றிக் காயவைத்துவிட்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்று ஓடிவிட்டாள். டாக்டர் திங்கட்கிழமைதான் வந்து பார்ப்பார். காய்ந்தவற்றைத் தட்டில் அடுக்கி வைக்கவேண்டியது மட்டும்தான் பாக்கி. அடுக்கினாள். அந்த எண் வந்தது. எல்லா எண்ணையும் போல அதையும் அடுக்கியிருக்கலாம். கை அதை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தது. அவள் குனிந்தாள்.

அவளுக்கு முதலில் தோன்றியது, சாயம் நல்லா ஏறியிருக்கு என்பதுதான்.

செல்களின் உட்கருக்கள் ஊதா நிறத்தில் துல்லியமாக, அளவுக்கு மீறிப் பருத்து, ஒன்றின்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றன. கெட்ட கட்டிகளில் அப்படிப்பட்டவற்றை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். மாணவர்கள் வந்தால் காட்டுவதற்காக இப்படி ஒரு நல்ல ஸ்லைடைத் தனியாக எடுத்து வைப்பார்கள். இதையும் எடுத்து வைக்கலாம் என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நினைத்தாள். அதற்குப் பிறகுதான் அது யாருடையது என்பது திரும்பி வந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தட்டில் அடுக்கி, விளக்கை அணைத்து, கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

உலகத்தில் இப்போதைக்கு அவளுக்கு மட்டும் தெரியும். நாளைக் காலை டாக்டர் பார்த்துவிட்டால் அது டாக்டருடைய வேலை. அதுவரைக்கும் முகத்தை வைத்துக்கொண்டு இருக்கவேண்டும். அவ்வளவுதான். அது அவளுக்குக் கஷ்டமான காரியமும் இல்லை. லேபில் நாள் முழுக்க அவள் பேசுவது பத்து வார்த்தை இருந்தால் அதிகம். வாயில் கொழுக்கட்டையா என்று கேட்பார்கள். அவளுக்கு வாய் திறப்பது ஒரே ஒரு ஆளிடம்தான். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, கதவுக்குப் பின்னால் நின்ற அவளைப் பார்த்து, "இந்த வாலு யாரோடது?" என்று கேட்டவரிடம், "நீங்கதான் எங்க அக்கா பின்னாடி வாலா வந்திருக்கீங்க," என்று சொன்னாள். இது பேசுமா என்று அவளுடைய அம்மாவே கேட்டாள். அன்று ஆரம்பித்தது. ஃபோனில் குசலம் விசாரிப்பதுகூட இருவருக்கும் திட்டிக்கொள்வதுதான்.

"ஆரஞ்சு இருக்கா?" என்றார் அத்தான்.

அவள் பையிலிருந்து எடுத்து உரித்து, சுளையின் மேலிருந்த வெள்ளை நாரையும் நீக்கிக் கொடுத்தாள்.

அத்தான் சுளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாயில் போட்டுக்கொண்டார்.

சத்தம் முதலில் வந்தது. அப்புறம் காற்றில் ஈரம். கடைசி வளைவில் படகு திரும்பியபோது அருவி தெரிந்தது. படத்தில் பார்த்ததைவிட அகலமாக இருந்தது. அக்கா எழுந்து நின்றுவிட்டாள். படகுக்காரர், தானே கட்டி வைத்ததைப் போல, மூன்று பேருடைய முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஒரு தடவ பாத்தவங்க மறுபடியும் வருவாங்க," என்றார்.

"ஒரு தடவையே ஒழுங்கா பாத்திருந்தா எதுக்கு மறுபடி வரணும்?" என்றார் அத்தான்.

படகுக்காரர் சிரித்தார். வேறு நாளாக இருந்தால் அந்த இடத்தில் அவள் ஏதாவது சொல்லியிருப்பாள். இங்கேயும் உங்க மொக்கையா என்றாவது.

அருவிக்குப் பக்கத்துப் படித்துறையில் இறங்கினார்கள். பாறையை ஒட்டிப் படிகள் மேலே ஏறி, அருவிக்கு எதிரே ஒரு மேடைக்குப் போயின. மழைக்கோட்டு வாடகைக்குக் கொடுத்தார்கள். ஒரு ஓட்டையும் இல்லாத கோட்டாகத் தேடி எடுத்து அக்கா மாட்டிக்கொண்டாள். அத்தான் நாலு படி ஏறி, கைப்பிடியைப் பிடித்து நின்று, "நீ போய் பாத்துட்டு வந்து கதை சொல்லு. எனக்கு இங்கேருந்தே நல்லா தெரியுது," என்றார். அந்த இடத்திலிருந்து பாறைதான் தெரிந்தது.

"நான் இருக்கேன் அத்தானோட," என்றாள் அவள்.

அக்கா ஒரு கணம் இருவரையும் பார்த்துவிட்டு ஏறிப் போனாள். மஞ்சள் கோட்டு படிகளில் சிறிதாகிக்கொண்டே போயிற்று.

பாறைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு இருந்தது. அங்கே இரைச்சல் குறைவு. அத்தான் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அவள் கைக்குட்டையை எடுத்து, அவருக்குப் பக்கத்தில் பெஞ்சு ஈரமாக இருந்த இடத்தைத் துடைத்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க அத்தான்."

"பாத்தியா. இதான். 'கேளுங்க அத்தான்'." அவர் சிரித்தார். "எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுத்திருப்பியா நீ இத்தன வருஷத்துல? இன்னிக்கு நிழலா பாத்து எனக்கு எடம் விட்ட. ஆரஞ்சு உரிச்சு குடுத்த. போதாததுக்கு நார வேற எடுத்துக் குடுத்த. காலையிலேர்ந்து உன்ன சீண்டி சீண்டிப் பாக்குறேன். செவுத்துல அடிச்ச பந்தாவது திரும்பி வரும்."

அவள் கைக்குட்டையை மடித்தாள்.

"நீ பாத்துட்ட," என்றார்.

கேள்வியாகக் கேட்கவில்லை. லேபில் இதற்கென்று ஒரு பதில் இருக்கிறது. கவுன்ட்டரில் நின்று கேட்கிற எல்லோருக்கும் அதைத்தான் சொல்வார்கள். அவள் வாய் அதைச் சொன்னது. "டாக்டர் பாத்துட்டுதான் சொல்லுவாரு."

"டாக்டர விடு. லிஃப்ட்டு நடுவுல நின்னுடுச்சுன்னா, உள்ள மாட்டுனவங்ககிட்ட நான் மேலேருந்து என்ன சொல்லுவேன் தெரியுமா? 'ஒண்ணுமில்லீங்க, பயப்படாதீங்க, இதோ ஆச்சு'ன்னு சொல்லுவேன். சும்மா பட்டன் கோளாறுன்னா கத்துவேன். யாருய்யா உள்ள ஆட்டுனதுன்னு திட்டுவேன். நெசமாவே மோசம்னாதான் குரல் தேனா வரும். எவ்வளவு மோசமோ அவ்வளவு தேன்." மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அந்தக் குரல எனக்குத் தெரியாதா?"

பாறையின் மேலிருந்து ஒரு மெல்லிய நீர்க்கோடு வழிந்து பெஞ்சின் காலைச் சுற்றிப் போயிற்று. அவள் அதைப் பார்த்தாள். ஏதாவது சொல்லவேண்டும். தப்பாகக்கூட இருக்கலாம், நான் டாக்டர் இல்லை, இப்போதெல்லாம் மருந்து இருக்கிறது. எல்லாம் உண்மைதான்.

"சாயம் நல்லா ஏறியிருந்துச்சு," என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு மெதுவாக, ஒரு மாடி ஒரு மாடியாக இறங்குகிற மாதிரி, அவர் முகத்தில் அது இறங்கியது.

"அப்போ தெளிவா தெரிஞ்சிருக்கு."

"ம்."

"நல்லா வேலை செஞ்சிருக்காங்க," என்றார். தொழில்காரர் தொழில்காரரைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னார். கொஞ்ச நேரம் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தோளைத் தொடலாமா என்று அவள் யோசித்தாள். அப்படியெல்லாம் அவர்களுக்குள் பழக்கமில்லை. யோசித்து முடிப்பதற்குள் அவர் நிமிர்ந்துவிட்டார்.

"உங்க அக்காவுக்கு நாளைக்குத் தெரிஞ்சா போதும். இன்னிக்கு அவ அருவி பாக்கட்டும்."

"சரி அத்தான்."

"மறுபடி பாரு. இந்த 'சரி அத்தான்' ஒண்ணு போதும், போற வழியிலயே கண்டுபிடிச்சிடுவா. அவ ஒண்ணும் மக்கு இல்ல. திட்டு என்னை."

"என்னன்னு திட்டுறது?"

"புதுசா என்ன, எப்பவும் திட்டுறதுதான். எனக்கு இருமல் வந்தாலும் தும்மல் வந்தாலும் ஒண்ணு சொல்லுவியே. சீக்கிரம் போய்ச் சேருங்க, அக்காவுக்கு வேற நல்ல மாப்பிள்ளையா பாத்து வெச்சிருக்கேன்னு."

அவள் தலையை ஆட்டினாள்.

"அத சொல்ல முடியாது."

"அததான் சொல்லணும். வேற எத சொன்னாலும் அவளுக்குச் சந்தேகம் வந்துடும். நான் எடுத்துக் குடுக்குறேன், நீ சொல்லு. அவ வழக்கம்போல 'வாயக் கழுவுடி'ம்பா. அதோட முடிஞ்சுது. நாளைக்குப் பொழுது விடியட்டும்."

பாறையைச் சுற்றி மஞ்சள் கோட்டு வந்தது. அக்கா தொப்பலாக நனைந்திருந்தாள். அவ்வளவு தேடி எடுத்த கோட்டில் கழுத்து வழியாகத் தண்ணீர் போயிருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. திரைச்சீலைக் கடையில் பதினெட்டு வயதிலிருந்து தைக்கிறவள் அவள். "ஒரே அகலம்," என்றாள். "எங்கயும் ஒட்டுப் போடாம ஒரே துணியா மேலேருந்து விட்ட மாதிரி இருக்கு. எத்தன மீட்டர் வரும்னு நெனைக்கிறீங்க?"

"நான் சொல்லல?" என்றார் அத்தான். "அருவிய பாத்தாலும் இவ மீட்டர்தான் கேப்பா."

"ஓரம் மடிச்சுத் தெக்கவே ஒரு வருஷம் ஆகும்," என்றாள் அக்கா. பெஞ்சையும், மடித்த கைக்குட்டையையும், தங்கையையும் வரிசையாகப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணீங்க?"

"உக்காந்திருந்தோம்."

"சண்டை போடலியா?"

"போட்டோம், போட்டோம்," என்றார் அத்தான்.

திரும்பும்போது படகுக்காரர் கேட்காமலேயே படகை அருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அது சவாரியில் சேர்ந்ததுதான் என்றார். கொஞ்சம் பக்கம், இன்னும் கொஞ்சம். வெள்ளையாக ஏதோ வந்து முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. தண்ணீர் தலைமேல், மடிமேல், படகுக்குள் கொட்டியது. அக்கா கத்துவது வாயசைவில் மட்டும் தெரிந்தது. இத்தனை இரைச்சலில் யார் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது என்பது அவளுக்குத் தோன்றியது. இங்கே சத்தம் போட்டு அழலாம். அதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. முயன்றுகூடப் பார்த்தாள். வாய் திறந்தது. தண்ணீர்தான் உள்ளே போயிற்று. படகு பின்வாங்கியது.

வளைவு தாண்டியதும் இரைச்சல் கதவு சாத்தியதுபோல் அடங்கியது. படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆரஞ்சுத் தோல் அதில் மிதந்து இங்கும் அங்கும் போயிற்று. அத்தான் மப்ளரைக் கழற்றிப் பிழிந்தார். காதுக்குக் கீழே கட்டி வெயிலில் பளபளப்பாகத் தெரிந்தது. உடனே திரும்பவும் சுற்றிக்கொண்டார். அக்கா தலைமுடியை முன்னால் இழுத்துப் போட்டு முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அத்தான் இருமினார். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாக இருமினார்.

"போச்சு. இந்தக் குளிருக்கு எனக்கு ஜுரம் வரப்போவுது. யாரு பாத்துக்கப் போறா என்னை?"

எடுத்துக் கொடுத்துவிட்டார். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அக்காவின் கை முறுக்கிய முடியிலேயே நின்றது. அவளும் காத்திருக்கிறாள் என்பது தெரிந்தது. என்ஜின் சத்தம் மட்டும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்குத் தன் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"யாரு பாத்துப்பா உங்கள? சீக்கிரம் போய்ச் சேருங்க. அக்காவுக்கு நல்ல மாப்பிள்ளையா ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், நனைஞ்சா இருமாத ஆளு."

நன்றாகவே வந்தது. இழுக்கவேண்டிய இடத்தில் இழுத்து, வெட்டவேண்டிய இடத்தில் வெட்டி, கடைசியில் அந்த இடத்துக்கென்று புதிதாக ஒரு துண்டும் சேர்த்து, எந்தக் குறையும் இல்லாமல் வந்தது. படகுக்காரர் பின்னாலிருந்து, "சரியான மச்சினிதாங்க வாய்ச்சிருக்காங்க உங்களுக்கு," என்று சிரித்தார். அத்தானும் சிரித்தார். இருவருடைய சிரிப்பும் முடிந்தது.

அக்கா எதுவும் சொல்லவில்லை.

முடியை விட்டுவிட்டு அவள் தங்கையைப் பார்த்தாள். பிறகு அத்தானுடைய மப்ளரைப் பார்த்தாள். வாய் ஒருமுறை லேசாகத் திறந்து, சொல்ல இருந்ததை மறந்துபோனதைப் போல மூடிக்கொண்டது. அவளுக்கு அடுத்த வார்த்தை தெரியாததில்லை. ஆண்டுக்கணக்கில் அவள் சொல்லிவந்த 'வாயக் கழுவுடி'தான். அது வரும் என்று மற்ற இருவரும் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மரம் போயிற்று. இன்னொரு மரம் போயிற்று.

"கனம் ஜாஸ்தியா இருக்கு, படகு இழுக்க மாட்டேங்குது," என்றார் படகுக்காரர். காலால் ஒரு வெட்டிய டப்பாவை முன்னால் தள்ளினார். "யாராவது கொஞ்சம் தண்ணிய அள்ளி ஊத்துங்கம்மா."

அவள் டப்பாவை எடுத்துக் குனிந்து அள்ளி ஊற்ற ஆரம்பித்தாள். அத்தான் இடம் விட்டுக் காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கீழே இறங்கி, ஈரத்திலேயே முட்டிபோட்டு, இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து அள்ளினாள். வெளியே எடுத்துப் போவதற்குள் பாதி விரல் சந்து வழியாகத் திரும்பவும் படகுக்குள்ளேயே ஒழுகியது. மீதியை ஆற்றில் விட்டுவிட்டு மறுபடியும் குனிந்து அள்ளினாள்.